சாத்தூர் என்றொரு பாடம்: கரிசலில் விளைந்தது எங்கே போகிறது?

விதை நேர்த்தி, அமுதக் கரைசல், மூடாக்கு, மீன் அமிலம் என்று நம் இதழில் எவ்வளவோ பாடம் படித்திருக்கிறோம். விளைந்ததை மூட்டை கட்டி எந்த ஊருக்குக் கொண்டுபோகிறோமோ அந்த ஊரைப் பற்றி மட்டும் உட்கார்ந்து படித்ததில்லை. நம் சரக்குக்கு விலை அங்கேதான் முடிவாகிறது. நம் காட்டுக்கு வர வேண்டிய ஆள் அங்கேதான் வேலைக்குப் போகிறார். எனவே இந்தத் தடவை ஒரு ஊரையே பாடமாக எடுத்துக்கொள்வோம். எனக்குப் பழக்கமான ஊர் சாத்தூர். என் காடு அதற்குக் கிழக்கே ஆறு ஏக்கர், முழுக்க மானாவாரி.

விருதுநகருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில் வைப்பாற்றங்கரையில் இருக்கிறது சாத்தூர். வடமேற்கே 20 கிலோமீட்டருக்குள் சிவகாசி. மதுரையிலிருந்து தெற்கே போகும் நான்கு வழிச்சாலையும், தூத்துக்குடி ரயில் பாதையும் ஊரைத் தொட்டுப் போகின்றன. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 30 ஆயிரத்துச் சொச்சம். சின்ன ஊர்தான். ஆனால் பெயர் பெரிசு: சேவு, வெள்ளரிக்காய், வத்தல், பேனா நிப்பு, தீப்பெட்டி, பட்டாசு. இதில் முதல் மூன்றும் மண்ணோடு சேர்ந்தவை. அடுத்த மூன்றும் மண்ணை விட்டு விலகியவை. ஊரின் கதை மொத்தமும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிடக்கிறது.

முதலில் மண். சாத்தூரைச் சுற்றி இருப்பது கரிசல். களி அதிகம். ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் காலை விடுகிற அளவுக்கு வெடிக்கும். கீழே போகப் போகச் சுண்ணாம்புச் சுக்கான். வருஷத்துக்கு ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் மழை. அதில் பாதியளவு ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வருவது. அந்தத் தண்ணியைக் கரிசல் குடித்து வைத்துக்கொண்டு, தை, மாசி வரை பனியும் வேர் ஈரமுமாகப் பயிரைக் காப்பாற்றும். இந்த மண்ணில் கிணறு வெட்டுவதைவிட மண்ணின் ஈரத்தை நம்புவது புத்திசாலித்தனம் என்று பெரியவர்கள் கண்டுபிடித்ததுதான் கருங்கண்ணிப் பருத்தி, சோளம், கம்பு, குதிரைவாலி, உளுந்து, மல்லி, மிளகாய் என்ற கூட்டம்.

ஆறு இருக்கிறதே என்று கேட்கலாம். வைப்பாறு மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து, விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களைக் கடந்து மன்னார் வளைகுடாவில் சேருகிறது. சாத்தூருக்குக் கிழக்கே இருக்கன்குடியில் அர்ச்சுனா நதி அதோடு கலக்கிறது. மாரியம்மன் கோயில் இருப்பது அங்கேதான். வருஷத்தில் பெரும்பகுதி இது மணல் ஆறு. ஆனால் அந்த மணலுக்கு அடியில் ஈரம் இருந்தது. ஆற்றுப் படுகையிலும் கரையிலும் போட்ட வெள்ளரி அந்த ஈரத்தில்தான் காய்த்தது. சாத்தூர் ஸ்டேஷனில் ரயில் நின்றதும் கூடையோடு ஓடிவந்து விற்ற அந்தப் பிஞ்சுக்குத் தெற்கத்தி முழுக்கப் பேர். மணலை அள்ளிய பிறகு ஆறு வெறும் பள்ளம். அதில் வேலிக்கருவை. வெள்ளரி குறைந்துபோனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கேரளத்தின் பம்பா, அச்சன்கோவில் ஆறுகளிலிருந்து 634 மில்லியன் கன மீட்டர் தண்ணீரை வைப்பாற்றுக்குத் திருப்பும் திட்டம் ஒன்று ரொம்ப நாளாகப் பேச்சில் இருக்கிறது. கேரளம் ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் அந்தப் பேச்சு வரும், போகும். நம் கண்மாய்க்கு வருகிற ஓடையைச் செதுக்கிவிட்டால் அடுத்த மழைக்கே தண்ணி வரும் என்பது என் கட்சி.

இந்த நிலத்தில் எப்போது மனிதர் குடியேறினார்கள்? சாத்தூருக்கு மேற்கே, இதே வைப்பாற்றங்கரையில் இருக்கிறது வெம்பக்கோட்டை. அங்கே 2022-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியது. நுண்கற்கருவிகள், சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள் எல்லாம் கிடைத்தன. சுடுமண் தக்களியும் கிடைத்தது. தக்களி என்றால் நூல் நூற்றிருக்கிறார்கள். கரிசலுக்கும் நூலுக்கும் உள்ள உறவு அவ்வளவு பழசு.

பிறகு நாயக்கர் காலம், பாளையங்கள், வெள்ளைக்காரன் வந்து 1801-க்குப் பிறகு ஜமீன்கள். நிர்வாகத்தில் சாத்தூர் 1910 வரை திருநெல்வேலி மாவட்டம், அப்புறம் ராமநாதபுரம், 1985 மார்ச் 15 முதல் இன்றைய விருதுநகர் மாவட்டம் (அப்போது பெயர் காமராஜர் மாவட்டம்). காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது 1957-லும் 1962-லும் ஜெயித்தது இந்தத் தொகுதியில்தான். பரீட்சைக்குக் கேட்பார்கள், அதனால் சொல்லி வைத்தேன். நமக்கு முக்கியம் வேறொன்று. அதுதான் பேட்டை.

பேட்டையும் மகமையும்

19-ஆம் நூற்றாண்டில் தெற்கே பனங்காட்டுச் சீமையிலிருந்து கருப்பட்டி, உப்பு, கருவாடு ஏற்றிக்கொண்டு நாடார் வியாபாரிகள் வடக்கே வந்தார்கள். வழியில் மாட்டை அவிழ்த்துவிட, சரக்கை இறக்கி வைக்க, ராத்திரி திருடனுக்குப் பயப்படாமல் படுக்க ஒரு இடம் வேண்டும். சுற்றுச்சுவர், கிணறு, கிட்டங்கி எல்லாம் வைத்துக் கட்டிய அந்த இடம்தான் பேட்டை. சிவகாசி, விருதுநகர் (அன்றைக்கு விருதுபட்டி), திருமங்கலம், சாத்தூர், பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை என்று ஆறு ஊர்களில் பேட்டை வலுவாக நின்றது. ஆறையும் வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். கரிசலும் பருத்தியும் சுற்றி நிற்கும் ஊர்கள்.

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். அங்கிருந்து பஞ்சு வராமல் இங்கிலாந்து ஆலைகள் தவித்தபோது நம் சீமைப் பஞ்சுக்கு விலை ஏறியது. 1876-இல் மதுரை-தூத்துக்குடி ரயில் வந்தது. மாட்டு வண்டியில் துறைமுகம் போன பஞ்சு ரயிலில் போனது. பேட்டை பெருத்தது.

இங்கேதான் நாம் நின்று கவனிக்க வேண்டும். பேட்டைக்குள் வந்து போன ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறு தொகையை எடுத்து வைத்தார்கள். அதற்கு மகமை என்று பெயர். உறவின்முறை அதை வசூலித்தது. மூட்டைக்கு இவ்வளவு என்பதால் யாருக்கும் கனக்கவில்லை. ஆனால் மூட்டைகள் ஆயிரக்கணக்கில் போயின. அந்தப் பணத்தில் கிணறு வெட்டினார்கள், கோயில் கட்டினார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள். விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை 1889-இல் வந்தது இப்படித்தான். பின்னாளில் அதே பள்ளியில் காமராஜர் படித்தார். மேல்சாதியின் கெடுபிடிகளை எதிர்த்து நிற்கவும் அந்தப் பொதுப்பணம் தெம்பு கொடுத்தது. 1899-இல் சிவகாசி தாக்கப்பட்ட வரலாற்றை நினைத்தால், பேட்டைச் சுவர் சரக்குக்கு மட்டும் காவல் இல்லை என்பது விளங்கும்.

இப்போது ஒரு கேள்வி. அந்த மூட்டைக்குள் இருந்த பருத்தியை, மிளகாயை, மல்லியை விளைவித்தவன் யார்? சம்சாரி. அவனுக்கு மகமை உண்டா? கிடையாது. களத்து மேட்டில் கைமாறியதோடு அவன் கணக்கு முடிந்தது. கட்ட வேண்டியது வரியும் வட்டியும். வியாபாரி மூட்டைக்குக் காலணா எடுத்து வைத்து நூறு வருஷத்துக்கு முதல் சேர்த்தான். சம்சாரி மூட்டையையே கொடுத்துவிட்டு அடுத்த விதைப்புக்குக் கடன் கேட்டான். நான் வியாபாரியைக் குறை சொல்லவில்லை. ஒடுக்கப்பட்ட ஒரு சமூகம் தன் கையை ஊன்றி எழுந்தது பெரிய காரியம். ஆனால் அது ஒரு சாதிக்குள் நின்ற ஏற்பாடு என்பதையும் மறக்கக் கூடாது. காட்டில் களை வெட்டியவளுக்கு அதில் இடமில்லை.

தீப்பெட்டி ஏன் இங்கே வந்தது?

1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். அங்கிருந்து தொழில் சாத்தூர், கோவில்பட்டி என்று பரவியது. "வானம் பார்த்த பூமி, வேறு வழியில்லை, அதனால் தீப்பெட்டி வந்தது" என்று எல்லாரும் சொல்வார்கள். பள்ளிப் பாடத்திலும் அப்படித்தான். இது பாதி உண்மை. வறட்சிதான் காரணம் என்றால் நம்மைவிட வறண்ட முதுகுளத்தூரிலும் கமுதியிலும் அல்லவா வந்திருக்க வேண்டும்?

செக் நாட்டில் சூஷிட்சே என்று ஒரு சின்ன ஊர். அங்கே 1839-இல் தீப்பெட்டி தொடங்கி 2008 வரை நடந்தது. சுற்றிலும் ஷுமாவா மலைக்காடு. குச்சிக்கு மென்மரம் பக்கத்திலேயே கிடைத்தது, தொழில் வந்தது, கணக்கு நேர். நம்மிடம் மென்மரம் இல்லை, கேரளத்திலிருந்து வரவேண்டும். ரசாயனமும் வெளியிலிருந்துதான். இருந்தவை நான்கு: குச்சியும் மருந்தும் காய்கிற வெயில், சரக்கு ஏற்ற ரயில், பேட்டையில் சேர்ந்த முதல், மழைக்குப் பிறகு சும்மா இருந்த கை. இதில் மூன்றாவதைக் கவனியுங்கள். அந்த முதலில் ஒரு பங்கு கரிசல் பருத்தியின் லாபம். நம் மண் கொடுத்த பணம்தான் தொழிலாகி, திரும்ப வந்து நம் காட்டு ஆளைக் கூப்பிட்டது.

1934-இல் தீப்பெட்டிக்குக் கலால் வரி வந்தது. பிற்காலத்தில் சிறு ஆலைகளுக்கு வரியைக் குறைத்து வைத்ததால் கைத்தொழிலாகவே நிலைத்தது. "தீப்பெட்டி ஆபீஸ்" என்று நாங்கள் சொல்வோம். கட்டை அடுக்குவது, பெட்டி ஒட்டுவது என்று வீட்டுத் திண்ணை வரைக்கும் வேலை வந்தது. விடியுமுன்னே ஆபீஸ் பஸ் வந்து குழந்தைகளையும் ஏற்றிப் போன காலம் ஒன்று இருந்தது. 1996 டிசம்பர் 10-இல் உச்ச நீதிமன்றம், அபாயத் தொழிலில் குழந்தையை வைத்தால் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கே சிவகாசி பற்றித்தான்.

நிப்பைப் பற்றி ரெண்டு வரி. மைப்பேனாவுக்கான நிப்பைத் தகட்டில் வெட்டி, வளைத்து, நடுவில் கீறி, மெருகேற்றும் சின்னச் சின்னப் பட்டறைகள் சாத்தூரில் நிறைய இருந்தன. பால்பாயிண்ட் பேனா வந்தது, பட்டறைகள் போயின. ஊர் ஒரே பொருளை நம்பி வெளிச்சந்தைக்கு மட்டும் வேலை செய்தால் இதுதான் நடக்கும். நிப்புக்கு நடந்ததைப் பட்டாசுக்காரர்கள் இப்போது நினைத்துப் பார்க்கிறார்கள். 2018 அக்டோபர் 23 தீர்ப்பில் பேரியம் உப்பும் சரவெடியும் தடையாகி, பசுமைப் பட்டாசு மட்டும்தான் என்று ஆனது. டெல்லியில் புகை கூடினால் சாத்தூரில் சம்பளம் குறைகிறது.

ஒரே வெயில், ஒரே கை

பட்டாசு ஆலையை நாங்கள் "பயர் ஆபீஸ்" என்போம். ஒரு அறை வெடித்தால் அடுத்தது வெடிக்கக் கூடாது என்பதற்காக அறைகளை இடைவெளி விட்டுத்தான் கட்ட வேண்டும். அதனால் ஒரு ஆலைக்கு ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டும். சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் எத்தனையோ புஞ்சைகள் இப்படிக் கைமாறியவைதான்.

காட்டு வேலைக்கும் இந்த வேலைக்கும் உள்ள மோதலை நாட்காட்டியில் வைத்துப் பாருங்கள். ஆவணி, புரட்டாசி: தீபாவளி நெருங்குகிறது, ஆலையில் வேலை உச்சம். நமக்கு அப்போது உழவும் விதைப்பும். டிராக்டர் இருப்பதால் சமாளித்துவிடுகிறோம். தீபாவளி கழிந்ததும் ஆலைகள் சில வாரம் மூடும், அடைமழையில் காயப்போட முடியாது. அந்த இடைவெளியில் முதல் களைவெட்டுக்கு ஆள் கிடைக்கும். இது நமக்கு வரம். பிரச்சினை மாசியில்தான். மிளகாய் பழுக்கிறது, நாலைந்து எடுப்பு எடுக்க வேண்டும், களத்தில் காயப்போட வேண்டும். பயர் ஆபீசிலும் நல்ல வெயில், முழு வேலை. பட்டாசு காய்கிற அதே வெயிலில்தான் வத்தலும் காய வேண்டும். எடுக்கிற கை ஒன்றுதான். வாரச் சம்பளத்தோடு கூப்பிடுகிற பக்கம் கை போகிறது.

"காட்டு வேலைக்கு எவனும் வர்றதில்ல, சொகுசு கண்டுட்டான்" என்று திட்டுவது நம் சம்சாரிகளின் வழக்கம். எனக்கு இதில் உடன்பாடில்லை. 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளத்தில் வெடித்தபோது 20-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. தை முடிந்து மாசி பிறக்கும் நேரம், மிளகாய் பழுக்கும் நேரம். உயிரைப் பணயம் வைத்து வேலைக்குப் போவது சொகுசு ஆகாது. வாரா வாரம் சம்பளம் நிச்சயம் என்ற ஒன்றை நம் காடு கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆள் இல்லை என்றதும் சம்சாரிகள் மக்காச்சோளத்துக்கு மாறினார்கள். எந்திரம் அறுத்துத் தரும், மூட்டை கோழித் தீவனத்துக்குப் போகும். 2018-இல் படைப்புழு வந்து குருத்தைத் தின்றபோது கடைகளில் மருந்து விற்றது. மானாவாரியில் மருந்தே அடிக்காத காடுகளில்கூட அந்த வருஷம் அடித்தார்கள். மாறாதவர்கள் தரிசு போட்டார்கள், வேலிக்கருவை ஏறிக்கொண்டது. இப்போது அதை வெட்டிக் கரிமூட்டம் போடுவதே ஒரு வருமானம். பருத்தி விளைந்த காட்டில் கரி விளைகிறது.

கோவில்பட்டியில் 1901-லிருந்து வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. கருங்கண்ணியில் பல ரகங்களும், மிளகாயில் கே-1, கே-2-ம் அங்கிருந்து வந்தவை. நம்மாழ்வார் ஐயா 1963-இல் வேலைக்குச் சேர்ந்ததும் அங்கேதான். ரசாயன உரத்தை அளவு மாற்றி மாற்றிப் போட்டு நடந்த சோதனைகளைப் பார்த்துவிட்டு, மழையை நம்பியிருக்கும் ஏழைச் சம்சாரிக்கு இந்தச் செலவு எப்படிக் கட்டும் என்று கேட்டார். பிறகு வேலையை விட்டார். அவர் பயணத்துக்கு முதல் பாடம் சொன்னது இந்தக் கரிசல்தான்.

ஒரு பொட்டலம் சேவைப் பிரித்தால்

ஊரைப் படிக்க நல்ல வழி, அந்த ஊர்ப் பேரில் விற்கிற பொருளைப் பிரித்துப் பார்ப்பது. சாத்தூர் சேவின் ருசிக்குக் கரிசல் வத்தலும் வைப்பாற்றுத் தண்ணியும் காரணம் என்பார்கள். நான் ஒரு கடையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விசாரித்தேன். கடலைமாவு: வடக்கத்திக் கொண்டைக்கடலை, விருதுநகர் மில்லில் உடைத்து அரைத்தது. பூண்டு: மத்தியப் பிரதேசம். எண்ணெய்: டின்னில் வருவது. வத்தல்: குண்டூர். பக்கத்திலிருந்து வருவது தூத்துக்குடி உப்பும், அடுப்புக்கு வேலிக்கருவை விறகும். சாத்தூர் சேவில் சாத்தூர் என்று இருப்பது மாஸ்டரின் கைப்பக்குவம் மட்டும்தான். அது சின்ன விஷயம் இல்லை, ஆனால் சம்சாரிக்கு அதில் பங்கில்லை.

இத்தனைக்கும் 2025-இல் விருதுநகர் சம்பா வத்தலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நீளமாக, காரம் தூக்கலாக, மானாவாரியில் விளைகிற வத்தல். பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்துவிட்டது. விளைவிக்கிற ஏக்கர்தான் குறைகிறது.

எங்கள் பக்கத்து ஊர்களில் மருந்து அடிக்காமல் மிளகாய் போடுகிற ஆறு பேர் சேர்ந்து, மூன்று வருஷத்துக்கு முன்னே மகமை ஆரம்பித்தோம். மிளகாயோ உளுந்தோ குதிரைவாலியோ, விற்கிற மூட்டைக்கு 50 ரூபாய். சாதி பார்ப்பதில்லை. எடுப்புக்கு வருகிற பெண்களில் இரண்டு பேர் கணக்குப் பார்க்கிறார்கள். சேர்ந்தது 14 ஆயிரத்துச் சொச்சம். அதில் தார்ப்பாய் வாங்கினோம். வெறுந்தரையிலும் ரோட்டிலும் காயப்போட்ட வத்தலில் மண்ணும் பூஞ்சணமும் சேரும், பார்த்தவுடன் விலையை அடிப்பார்கள். தார்ப்பாயில் காய்ந்தது நிறமும் காம்பும் கெடாமல் இருக்கிறது. இந்த மாசியில் எடுப்புக்கு வந்தவர்களுக்கு வாரச் சம்பளத்தை மகமையிலிருந்து முன்பணமாகக் கொடுத்தோம். எட்டுப் பேர் கடைசி எடுப்பு வரை நின்றார்கள்.

அந்த வத்தலில் ஒரு கிலோவை எடுத்துக்கொண்டு அதே சேவுக் கடைக்குப் போனேன். "அண்ணாச்சி, நம்ம காட்டு வத்தல், மருந்தடிக்காதது" என்றேன். ஒடித்து முகர்ந்து பார்த்தார். பி.ஜி.எஸ். சான்றிதழ் பற்றிக் கேட்பார் என்று கையோடு கொண்டு போயிருந்தேன். கேட்கவே இல்லை.

"காரம் நிக்கிது தம்பி. ஆனா எனக்கு மாசம் 50 கிலோ வேணும். பன்னெண்டு மாசமும் ஒரே கலரா வேணும். இடையில நிறுத்துனா நான் திரும்ப குண்டூர்காரன்கிட்ட போய் நிக்க முடியாது. முடியுமா?"

வருஷத்துக்கு 600 கிலோ. மழை சரியாகப் பெய்த வருஷம் ஆறு பேரிடமும் அதற்கு மேலேயே தேறும். பொய்த்த வருஷம் பாதிகூட வராது. நல்ல வருஷத்து வத்தலில் ஒரு பங்கை அடுத்த வருஷத்துக்கு நிறுத்தி வைத்தால் கணக்குச் சரியாகும். பிளாஸ்டிக் உள்ளுறை போட்ட சாக்கில் புரட்டாசி வரை நிறம் நிற்கிறது, பார்த்துவிட்டோம். ஐப்பசி ஈரத்தில்தான் கறுக்கிறது, வண்டும் விழுகிறது. குளிர்கிட்டங்கிக்கு வாடகை கட்டினால் மகமை மொத்தமும் கரைந்துவிடும். வைகாசியிலிருந்து புரட்டாசி வரை தருகிறோம், அதற்குள் வழி கண்டுபிடிக்கிறோம் என்று அண்ணாச்சியிடம் பேசியிருக்கிறோம். மழைக்காலத்தைத் தாண்டி வத்தலை வீட்டிலேயே நிறம் மாறாமல் வைத்திருக்கும் பக்குவம், குலுக்கையோ வேப்பிலையோ வேறு எதுவோ, உங்கள் ஊரில் யாருக்காவது தெரிந்தால் இதழுக்கு எழுதுங்கள். ஐப்பசிக்குள் கிடைத்தால் உதவியாக இருக்கும்.